மேல்வீட்டுக் கணக்கு

டுலூத்தில், ஏரியைப் பார்த்த சரிவில், ஒரு மாடி வீடு.
கீழே மாய் ஸீ லோர், அவள் கணவன், இரண்டு பிள்ளைகள்.
மேலே ஒண்டியாளாக நான், ஆர்ன் ஹல்வோர்சன்.
இரும்புச் சாமான் கடையில்
ஏழாவது வரிசை என் ஆட்சி:
தெர்மோஸ்டாட், வடிகட்டி, ஜன்னல் இடுக்கில் அடைக்கும் பஞ்சு.

வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே மந்திரம்தான்:
"தூங்கும்போது எட்டு டிகிரி குறையுங்கள்.
ஆளில்லா வீட்டைச் சூடாக்குவது
ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வது."
நம்பாதவர்களுக்குச் சட்டைப்பையிலிருந்து
என் எரிவாயு ரசீதை எடுத்து நீட்டுவேன்.
நடுக்குளிர் மாதம். பத்தொன்பது டாலர்.
"எப்படி?" என்பார்கள்.
"ஒழுக்கம்" என்பேன்.

ஒழுக்கம்!
ஏரி உறைந்து விரிசல் விடும் ஓசை
இரவெல்லாம் கேட்கும் ஊரில்
பனியனும் வெறுங்காலுமாகத் திரிந்தேன்.
என் சுவரிலிருந்த தெர்மோஸ்டாட்
ஐந்து குளிர்காலமாக ஒருமுறையும் வாய் திறக்கவில்லை.
அதன்மேல் தூசி.
தூசிமேல் என் பெருமை.

டிசம்பர் முடிவில் மாய் ஸீ படியேறி வந்தாள்.
கையில் அவள் ரசீது, இருநூற்றுப் பதினான்கு.
"நீங்கள் இதையே விற்கிறவர்.
நாங்கள் என்ன தப்புச் செய்கிறோம்?"

போய்ப் பார்த்தேன்.
வட்டமான பழைய கருவி. உள்ளே
பாதரசத் துளியொன்று தலையாட்டிக்கொண்டிருந்தது.
இரவும் பகலும் பாரன்ஹீட்டில் எழுபத்தொன்று.
இருவரும் வேலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின்
சோபாவுக்கும் மீன்தொட்டிக்குமாக எழுபத்தொன்று.

ஊழியர் தள்ளுபடியில் புதியது வாங்கினேன்.
சிவப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சை என நாலு கம்பி.
காலை ஆறுக்கு அறுபத்தெட்டு,
எட்டுக்கு அறுபது,
பிள்ளைகள் திரும்பும் மூன்றரைக்கு மறுபடி அறுபத்தெட்டு,
இரவு பத்துக்கு அறுபது.
மீனுக்குத் தனி ஹீட்டர் உண்டாம், கேட்டுக்கொண்டேன்.
"இதுக்கு மணி பார்க்கத் தெரியுமா?" என்றான் சின்னவன்.
"உன்னைவிட நன்றாக."

அன்றிரவு பத்துக்குக் கீழே உலை அடங்கியது.
பதினொன்றுக்கு என் உள்ளங்கால் எதையோ விசாரித்தது.
பன்னிரண்டுக்குக் காலுறை.
ஒரு மணிக்குக் காலுறைமேல் காலுறையோடு
தரையைப் பார்த்தபடி நின்றிருந்தேன்.

சூடு மேல்நோக்கிப் போகும்.
தினம் பத்துப் பேருக்குச் சொல்லும் வாக்கியம்.
எங்கிருந்து என்று
நான் கேட்டுக்கொண்டதே இல்லை.
அவர்கள் சோறு வடித்த சூடு,
பிள்ளைகளைக் குளிப்பாட்டித் துவட்டிய சூடு,
இருநூற்றுப் பதினான்கு டாலர் சூடு,
அதில்தான் என் ஒழுக்கம்
கால்நீட்டிப் படுத்திருந்தது.

இறங்கிப்போய்க் கதவைத் தட்டலாம்.
அதைப் பழையபடி மாற்ற
அந்தக் கட்டடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

என் சுவர்த் தூசியைத் துடைத்தேன்.
திருப்பினேன்.
க்ளிக்.
ஐந்து வருஷத்து ஒட்டடை கருகி
வீடெல்லாம் வாசம்.

நான் எரிப்பது கூரைக்குப் போகும்,
கூரையிலிருந்து வானத்துக்கு.
கீழ்வீட்டுக்கு ஒரு துளி இறங்காது.
கடனைத் திருப்ப வழி வைக்காமல்
கட்டியிருக்கிறான் கொத்தன்.

அடுத்த மாத ரசீதுகள் வந்தன.
அவளுக்கு நூற்று நாற்பத்தொன்பது, எனக்கு எழுபத்தாறு.
கடை மேசையில் கூட்டிக் கழித்தேன்.
நிஜமான மிச்சம் எட்டு டாலர்.
மற்றதெல்லாம்
உரியவர் வீட்டுக்குத் திரும்பிய பணம்.

எண்ணெய் மினுங்கும் முட்டை ரோல் தட்டோடு
மாய் ஸீ வந்தாள்.
வாசலில் செருப்பை விட்டு உள்ளே கால்வைத்தவள்
"தரை ஏன் இப்படிச் சில்லிடுகிறது?" என்றாள்.
"இப்போதுதான்" என்றேன்.
"எப்போதிலிருந்து?"
"நீங்கள் மிச்சம் பிடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து."

கொஞ்ச நேரம் தரையையே பார்த்தாள்.
பிறகு தட்டிலிருந்து ஒன்றைத் திரும்ப எடுத்து
என் எதிரிலேயே கடித்தாள்.